பத்தொன்பது கேள்விக்கும் ஆம்

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு தெருவுக்கும் அவள் டிக் அக்கா. தோளில் ஒரு ரெக்சின் பை, பைக்குள் படிவக் கட்டு, பையின் வாரிலேயே நூல் போட்டுக் கட்டிய ஒரு நீலப் பேனா. ஏற்கெனவே ஆறு பேனாவை யாரோ எழுதிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி ஏப்பம் விட்டுவிட்டதால் அந்த நூல். எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெருக்குழாயில் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைக்காமல் கையில் தூக்கினால் போதும், அக்கா மறுநாள் வாசலில் நிற்பாள்.

தாய்நலச் சட்டம் என்று ஒன்று வந்ததே, அது வந்த பிறகு முளைத்த வேலை இது. சட்டம் நல்ல சட்டம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிரசவத்தில் பெண்கள் சாவதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாதது மட்டும் காரணமில்லை. ஈரச் சுவர், ஏற வேண்டிய படி, பொழுதெல்லாம் நின்றே செய்யும் வேலை, கை ஓங்கும் புருஷன், கூப்பிட்டால் வராத ஆம்புலன்ஸ் வண்டி, எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கொல்கிறது என்று யாரோ புத்தியுள்ளவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தார்கள். அதை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்கப் பத்தொன்பது கேள்விகள். வீடு குடியிருக்கத் தக்கதா? தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதா? வேலையிடத்தில் உட்கார முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். 'இல்லை' விழுந்தால் சம்பந்தப்பட்ட துறை முப்பது நாளில் ஏதாவது செய்தாக வேண்டும்.

வேலையில் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். "நீங்க போடுற ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு உயிரைக் காப்பாத்தும்மா" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னபோது அவளுக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மூட்டை தூக்கித் தூக்கியே முதல் பிள்ளையை ஏழாம் மாதத்தில் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்கு இப்படி ஒருத்தி வாசலில் வந்து கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டாள். நான் கேட்பேன், ஒருத்தியையும் விடமாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டுதான் பையைத் தோளில் மாட்டினாள்.

அந்த உற்சாகம் ஒரு மாதம் கூட ஓடவில்லை.

முதலில் ஒரு சலவைக்காரப் பெண். தரைக்குக் கீழே ஒரு அறையில் குடித்தனம். சுவரைத் தொட்டால் கை நனையும். 'வீடு குடியிருக்கத் தக்கதா?' அக்கா அழுத்தி 'இல்லை' போட்டாள். துறை என்றால் தூங்கும் என்று யார் சொன்னது? பதினெட்டாம் நாளே வந்துவிட்டார்கள். குடியிருக்கத் தகாத அறை என்று எழுதி ஒட்டி, பூட்டி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் போனார்கள். மாற்று வீடு கொடுப்பது வேறு துறையாம். அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். ஏழு மாத வயிற்றோடு அவள் நடைபாதையில் பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். அக்காவைப் பார்த்து அவள் திட்டியிருந்தாலாவது தேவலை. "நான் உங்ககிட்ட என்னக்கா கேட்டேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தது பல்பு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிப்பவள். பத்து மணி நேரம் நின்றபடி வேலை, கால் இரண்டும் வீங்கி விலங்கு மாட்டினாற்போல் கொலுசு இறுகிக் கிடந்தது. அக்கா எழுதினாள், கம்பெனிக்குக் கடிதம் போனது. உட்கார்ந்து செய்யும் வேலை கொடு என்று சட்டம் சொன்னது. வீட்டில் போய் உட்கார் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பிள்ளை பெற்ற பிறகும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதோடு அக்கா கையில் 'இல்லை' என்கிற கட்டம் செத்துப்போனது. சொல்லப்போனால் அவள் நிறுத்தவில்லை, தெருவே நிறுத்திவிட்டது. இவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். சாத்தாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எல்லாம் நல்லா இருக்குன்னே போட்டுட்டுப் போங்க." அவளும் போட்டாள். கேள்வியைக் கேட்பாள், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள், இவள் உச்சுக்கொட்டிக்கொண்டே 'ஆம்' கட்டத்தில் டிக் போடுவாள். புருஷன் அடித்த கன்னத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், 'வீட்டில் அமைதி நிலவுகிறதா' என்பதற்கு டிக். நாலு வருஷம், முந்நூற்றுச் சொச்சம் பெண்கள், பத்தொன்பது கேள்விக்கும் ஆம். ஒரு அறைகூடப் பூட்டப்படவில்லை. டிக் அக்கா என்று பெயர் வந்தது அப்போதுதான், அதுவும் பிரியமாக வந்த பெயர்.

மேலிடத்திலிருந்து 'முன்மாதிரிப் பகுதி' என்று ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினாள். மழைக்குச் சுவர் ஊறி ஒரு கறை இருந்தது, அதை மறைக்க அளவெடுத்தாற்போல் இருந்தது அந்தக் கண்ணாடிச் சட்டம்.

அவள் வீடு ஐந்தாவது மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அனுமதி இல்லாமல் கட்டியது. லிஃப்ட் இருந்தது, ஆனால் கட்டிடச் சொந்தக்காரர் அதற்குள் தன் பழைய சோபாவையும் இரண்டு பீரோவையும் திணித்து ஏழு வருஷமாகிறது. மகன் லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒருமுறை தலையைக் காட்டுவான். மீதி நாளெல்லாம் மாமியாரும் மருமகளும்தான். மருமகள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். வந்த புதிதில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்தான். பிறகு எப்படியோ ஒருத்தி இல்லாமல் ஒருத்திக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

மருமகளுக்கு நாள் தள்ளிப்போனபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். அந்தப் பகுதிக்கு வேறு ஆள் கிடையாது, மாமியாரேதான் எழுதியாக வேண்டும்.

"அம்மா, தங்கள் வீடு குடியிருக்கத் தக்கதா?" என்றாள் ஆபீஸ் குரலில்.

"வீடு அருமையான வீடுங்க. மாமியார்தான் குடியிருக்கத் தக்கவங்களா இல்ல."

"ஏய், ஒழுங்கா பதில் சொல்லுடி. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்துல கிடைக்குதா?"

"ஓ, கிடைக்குதே. அஞ்சு மாடி இறங்கினா கைக்கெட்டுற தூரம்தான்."

பதினோராவது கேள்வி, 'அவசரத்தில் தாயைக் கீழே இறக்கி வண்டியில் ஏற்ற வழி உள்ளதா?'

"இருக்கு அத்தை. உங்களை முதல்ல தள்ளிவிட்டுட்டு மேல நான் குதிச்சிடுறேன். மெத்துன்னு இருக்கும்."

அக்கா சிரித்த சிரிப்பில், மருமகள் வேறு தோளைப் பிடித்து உலுக்க, டிக் கட்டத்தைத் தாண்டி ஓரம்வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. "பாரு, ஃபாரத்தைப் பாழாக்கிட்டே" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். பத்தொன்பதும் ஆம். வேறு என்ன போடுவது? 'இல்லை' போட்டால் தகரக் கூரைக்குத்தான் முதல் பூட்டு. பிறகு வயிற்றுப் பிள்ளையோடு எங்கே போவது?

ஏழாம் மாதம் மருமகளுக்குக் கால் வீங்கியது. பிறகு கை, பிறகு முகம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா இரண்டு தரம் ரத்தக் கொதிப்புப் பார்த்தாள், மூன்றாம் தரமும் பார்த்தாள்.

"இது எனக்குப் பிடிக்கல. மாத்திரை தர்றேன். ஆனா இனிமே இவ படியே ஏறக்கூடாது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே காத்திருப்பு இல்லம் இருக்கில்ல, உங்க சட்டத்துல வந்ததுதானே, அங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க. பெட்டு காலியாத்தான் கிடக்கு."

சட்டத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். தரைத்தளத்தில் வரிசையாக அறைகள், வெள்ளை விரிப்பு, வாசலில் எந்நேரமும் ஒரு வண்டி. அக்கா அன்றைக்கே போய்க் கேட்டாள். மேசையில் இருந்தவள் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உங்கள் பகுதி இதில் இல்லை என்றாள். வலி எடுக்காமல் ஆஸ்பத்திரியிலும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் மருமகளை மறுபடியும் ஐந்து மாடிக்கே படிப்படியாக ஏற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் பஸ் மாறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. தூக்கமில்லாத கண்கள், ஆறிப்போன டீ, உட்காரச் சொல்லும் குணம். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாக ஊர் முழுக்கத் தீப்பிடித்தாற்போல் இருந்த வரைபடத்தில் அவளுடைய பன்னிரண்டு தெருவும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"பாருங்கம்மா, உங்க ஏரியாவுல ஒரு பிரச்சனையும் இல்ல. நாலு வருஷமா ஒரு 'இல்லை' கூட வரல. தேவை இருக்கிற இடத்துக்குத்தானே வண்டியும் பெட்டும் ஒதுக்குவாங்க?"

நாலு வருஷம் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று போட்ட டிக் அத்தனையும் அந்தப் பச்சையில் இருந்தது.

"நான் பொய் எழுதினேன் சார்" என்றாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை நீங்க சொல்லல, நான் கேக்கல."

"எல்லாமே பொய் சார். எல்லா வீட்டுலயும் இல்லைதான். எழுதித் தர்றேன்."

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? நாலு வருஷ ஃபாரமும் மறு விசாரணைக்குப் போகும். முந்நூறு வீட்டுக்கும் ஆள் வரும். என்னென்ன பூட்டுவாங்க, யார் யார் வேலை போகும்னு உங்களுக்கே தெரியும். உங்க வேலையும் போகும், உங்க ரூமும் போகும்."

"மருமகளுக்கு இடம் கிடைக்குமா?"

"பட்டியலை வருஷத்துக்கு ஒருதடவைதான் திருத்துவாங்க. அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. நான் மேல பேசிப் பாக்கிறேன், ஒரு பெட்டுதானே. கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"எழுதிக் குடுத்தா பேசுவீங்களா?"

"எழுத்துல எதுவும் இல்லாம நான் எதை வச்சுப் பேசறது?"

வீட்டுக்கு வந்து மருமகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்த வாயாடி வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்துடுங்க. யார் வீடு போனா என்னன்னு சொல்லணும்போல இருக்கு. சொல்ல முடியல. எனக்குச் சாகப் பிடிக்கல அத்தை."

"சாவு கீவுன்னு பேசினே, பல்லைத் தட்டிடுவேன். நான் இருக்கேன்டி" என்று அக்கா அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே கடிதம் எழுதினாள். பத்தொன்பதிலும் நான் எழுதியது உண்மையல்ல என்று தொடங்கும் கடிதம், ஒரு பக்கம்.

கடிதம் பைக்குள் போனது. பையோடு தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில்தானே அந்தப் பன்னிரண்டு தெருவும் இருக்கிறது. "டிக் அக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றது ஒரு ஜன்னல். ஒரு வாசலில் போன வருஷம் பிறந்த பிள்ளை இவள் பேனா நூலைப் பிடித்து இழுத்தது. சலவைக்காரப் பெண் நடைபாதையில் நின்ற கோலம் முந்நூறு தடவை கண்ணுக்குள் வந்து நின்றது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று திரும்பிவிட்டாள். மறுநாளும் கிளம்பினாள், மறுநாளும் திரும்பினாள். எழுதிக் கொடுத்தாலும் கிடைக்கும் என்று என்ன நிச்சயம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு நாள் அந்தக் கடிதம் பைக்குள்ளேயே மடிந்து கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. அக்கா மூன்றாம் தெருவில் ஒரு படிவம் எழுதிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது மாடிப் பெண் ஃபோன் பண்ணினாள். "அக்கா, ஓடி வாங்க. உங்க மருமக கண்ணு தெரியலன்னு சொல்றா."

ஐந்து மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மருமகள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, தலை வெடிக்குது. எல்லாம் மங்கலா இருக்கு. நீங்கதானே?" என்றாள். நான்தான் கண்ணு என்று அக்கா சொல்லி முடிக்கவில்லை, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

பகல் நேரம், கட்டிடத்தில் தூக்கிப் பிடிக்க ஆம்பளை ஒருவர்கூட இல்லை. முட்டிவலிக்கார வாட்ச்மேனும் நாலு பெண்களும்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். அந்தப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் இரண்டு பேர் ஒதுங்கி நிற்கவே இடம் போதாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் மறுபடியும் வலிப்பு வந்தது, கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா ஒரு கையால் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் ஃபோன். "உங்க பகுதிக்கு வண்டி ஒதுக்கல. பக்கத்துப் பகுதியில கேட்டுச் சொல்றோம், லைன்லயே இருங்க" என்றது ஃபோன். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவின் கம்பிகளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இரண்டாவது மாடியில் கம்பிக்குள் அந்தச் சோபாவும் பீரோவும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

கீழே வந்து சேர நாற்பது நிமிஷம். கடைசியில் காய்கறி வண்டிக்காரர் ஒருவர்தான் கூடையெல்லாம் தெருவில் இறக்கி வைத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது, பக்கத்துக் காத்திருப்பு இல்லத்தின் முன்னால் அந்த வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது.

பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டார்கள், பெண் குழந்தை. அதன் அம்மா மறுநாள் மத்தியானம் வரை கிடந்தாள், கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸம்மா வந்து அக்கா தோளில் கை வைத்தபோது, "இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா, அவளுக்கு வாய் ஜாஸ்தி, சும்மா போகமாட்டா" என்று அக்கா சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.

மகன் லாரிப் புழுதியோடு வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்து, வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அம்மா, நீ இந்த வேலையிலதானே இருக்கே?"

அக்கா தோளில் இருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

சட்டத்தில் ஒரு தாய் இறந்தால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. இறந்தவள் வாழ்ந்த சூழலைப் பற்றி அதே பத்தொன்பது கேள்வி, அந்தப் பகுதியின் ஊழியர்தான் பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அக்கா எழுதினாள். வீடு தக்கதா, இல்லை. தண்ணீர், இல்லை. வேலையிடத்தில் உட்கார, இல்லை. கீழே இறக்க வழி, இல்லை. நாலு வருஷத்தில் முதல்தடவையாக உண்மை எழுதியிருக்கிறாள். பையிலிருந்த கடிதத்தையும் சேர்த்து வைத்தால்தான் முழு உண்மை, ஆனால் அதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அத்தனை 'இல்லை'யைப் பார்த்தாவது மேலே யாராவது ஏன் என்று கேட்க மாட்டார்களா என்று நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்து நாளில் திரும்பி வந்தது. 'முந்தைய படிவத்துடன் முரண்படுகிறது. இரண்டும் ஒத்திருக்குமாறு திருத்தி அனுப்பவும். தவறினால் பகுதி முழுவதும் மறு விசாரணைக்கு உட்படுத்தப்படும்' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. ஆதாரத்துக்கு அந்த முந்தைய படிவத்தையும் பின்னாலேயே குத்தியிருந்தார்கள். அவளுடைய கையெழுத்து, அவளுடைய பத்தொன்பது டிக். பதினோராவது மட்டும் கட்டத்தைத் தாண்டி ஓரம்வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அக்கா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. மழை வரும்போல இருந்தது, தகரம் லேசாகச் சத்தம் போட்டது. இந்தக் கூரையையும் பூட்டிவிட்டால் இதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அப்போதுதான் மூன்றாவது மாடிப் பெண் மூச்சு வாங்கப் படியேறி வந்து வாசலில் நின்றாள். ஐந்து மாதம். அன்றைக்கு நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து வந்தவள் அவள்தான். உள்ளே வரத் தயங்கினாள்.

"இந்த நேரத்துல கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்கக்கா. என் ஃபாரம் இன்னும் எழுதல. நீங்க வேலையை விட்டுட்டா வேற யாராச்சும் வந்து எழுதிடுவாங்களோன்னு பயமா இருக்கு. எல்லாம் நல்லா இருக்குன்னே போட்டுடுங்கக்கா."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது.

"உட்காருடி, படியேறி வந்திருக்கே" என்றாள்.

பைக்குள் கைவிட்டுப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். கேள்வியைக் கேட்டாள், அவள் உண்மையைச் சொன்னாள், இவள் டிக் போட்டாள். அவள் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்த சாவுப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு 'இல்லை'யாக அடித்து ஆம் போட்டுக்கொண்டே வந்தாள். பதினோராவதுக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது.